நினைவு நாணயங்களில் வெள்ளியை அறிவதும் பேணுவதும் எப்படி?

உவர்மலைவாசி:
வணக்கம். திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடம் இருந்த காலத்தில் அங்கு வேலை பார்த்த என் அம்மப்பாவின் பெட்டியில் மூன்று பெரிய நாணயங்கள் இருந்தன: ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு 1935இல் வெளிவந்த கிரவுண் என்னும் பிரித்தானிய நாணயம், புத்த ஜயந்தியை ஒட்டி 1957இல் இலங்கை வெளியிட்ட ஐந்து ரூபா, சேர்ச்சிலின் நினைவாக 1965இல் வந்த கிரவுண். நகைக்கடைத் தராசில் மூன்றும் 28 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே நின்றன. அப்படியானால் மூன்றுமே வெள்ளிதானா? முதலிரண்டும் கறுத்திருப்பதால், குங்குமச் சிமிழைத் துலக்குவதுபோல் திருநீறு போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் அம்மா. இவற்றோடு வரலாற்று நிகழ்வுகளைக் குறிக்கும் வேறு வெள்ளி நாணயங்களையும் சேர்க்க விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?

காசுப்பெட்டி:
நிறையை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். உங்கள் ஐந்து ரூபாவில் 1000க்கு 925 பங்கு வெள்ளி உண்டு; பிரித்தானியா 1920இல் தன் நாணயங்களின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டதால், 1935 கிரவுணில் 500 பங்குதான் இருக்கிறது. 1947இல் அங்கே புழக்க நாணயங்களிலிருந்து வெள்ளி அடியோடு நீக்கப்பட்டது. ஆகவே பொதுவாக வெளியிடப்பட்ட சேர்ச்சில் கிரவுண் செம்பும் நிக்கலும் கலந்தது. மூன்றில் நான் மிகவும் மதிப்பது ஐந்து ரூபாவையே. அச்சிடப்பட்ட 5 இலட்சத்தில் பாதிக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டதால், எஞ்சிய ஒவ்வொன்றும் காப்பாற்றப்பட வேண்டியது.

நிலாவெளியான்:
அம்மாவிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்: திருநீறு, புளி, பற்பசை எதுவும் நாணயத்தில் படக்கூடாது. விளக்கொளியில் நாணயத்தை மெல்லச் சாய்த்தால், ஒளிக்கீற்று ஒன்று அதன் முகத்தைச் சுற்றி வருவதைக் காண்பீர்கள். அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கிப் பரவியபோது உண்டான, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்கோடுகள்தாம் அந்த ஒளியைத் தருகின்றன. ஒருமுறை தேய்த்தாலும் அவை அழிந்துபோகும். அதற்குப் பிறகு நாணயம் பளபளக்கும், ஆனால் அந்த ஒளி சுழலாது, சேகரிப்பாளர் தரும் விலையும் பெரிதும் இறங்கிவிடும். கறுப்பு என்பது கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய படலமே. அதை அப்படியே விடலாம். றப்பர் பட்டியிலும் கந்தகம் இருப்பதால் அதைக் கொண்டு கட்டாதீர்கள். பீவீசீ பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினைக் கசியவிடும். நம் ஊரின் கடற்காற்றுக்கு, மூடி இறுகும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே நல்லது. எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

காசுப்பெட்டி:
அடுத்ததாக, அமெரிக்காவின் முதலாவது நினைவு நாணயமான கொலம்பஸ் அரை டொலரைத் தேடலாம். சிக்காகோ உலகக் கண்காட்சிக்காக 1892, 1893 ஆண்டுகள் பொறித்து வெளிவந்த அந்த நாணயம் 12.5 கிராம் நிறையும் 900 பங்கு வெள்ளியும் கொண்டது. ஒரு டொலருக்கு விற்கப்பட்டதில் எஞ்சியவை முகப்பெறுமதிக்கே புழக்கத்தில் விடப்பட்டதால், தேய்ந்தவை இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அயல்நாட்டு நாணயம் ஒன்றை வாங்க எண்ணினால் இந்தியாவின் 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாவைப் பாருங்கள்: 15 கிராம், 800 பங்கு வெள்ளி. எதை வாங்கினாலும் துலக்கப்படாததாகப் பார்த்து வாங்குங்கள்.