பட்டியலில் 12 வேலை, முடிவது 4: நேர மேலாண்மையைத் தினசரிப் பழக்கமாக்குவது எப்படி?

மணல்கடிகாரம்:
வணக்கம் நண்பர்களே. நேர மேலாண்மைப் பயிற்சி ஒன்றில் வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பார்த்துப் பிரிக்கும் நாலு கட்டம், 25 நிமிடம் வேலை செய்து சற்று ஓய்வெடுக்கும் 25 நிமிட முறை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, இருக்கையில் வந்து உட்கார்ந்தால் எதுவும் நிற்பதில்லை. காலையில் 12 வேலை எழுதினால் சாயங்காலம் 4 முடிந்திருக்கும், மீதி அப்படியே மறுநாளுக்குத் தாவும். வேலை நேரம் 9 முதல் 5.30. மாதாந்திர அறிக்கை தயாரிக்க வேண்டும், மூன்று பிரிவுகளிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்? ஏதாவது செயலி வாங்கணுமா?

நாள்குறிப்பு:
செயலி வேண்டாம், ஒரு தாள் போதும். முதல் 5 வேலை நாளுக்கு எதையும் மாற்றாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். 9 முதல் 5.30 வரை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்தால் 17 வரும். ஒவ்வொரு கட்டம் முடிந்த கையோடு என்ன செய்தீர்கள் என்று நாலு வார்த்தை. சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் பயனில்லை. பெரிய வேலை நினைவிருக்கும், நடுவில் போன பத்துப் பத்து நிமிடங்கள் மறந்துபோகும், நாம் தேடுவதே அந்தப் பத்து நிமிடங்களைத்தான். பக்கத்தில் ஒரு எழுத்து: நீங்களாகத் தொடங்கியது 'நா', பிறர் கேட்டு வந்தது 'பி'.

இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முன் எத்தனை நிமிடம் என்று ஊகித்து எழுதுங்கள், முடிந்ததும் உண்மையை எழுதுங்கள். 45 என்று நினைத்தது 80 ஆனால் உங்கள் மடங்கு சுமார் 1.8. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இடைஞ்சலே இல்லாமல் ஓடினால் எப்படியிருக்கும் என்றுதான் மனசு கணக்குப் போடும். அதனால் 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று கேட்காமல் 'போன தடவை எவ்வளவு ஆச்சு' என்று கேளுங்கள்.

ஆறாம் நாள் கழித்தல் கணக்கு. மொத்தம் 510 நிமிடம். சாப்பாடு, தேநீர் 75 போக 435. கூட்டம் 60 போக 375. 'பி' தினம் 120 என்று பதிவு காட்டினால் மிச்சம் 255. ஒரு வேலை 50 நிமிடம் என்றால் ஐந்துதான் அடங்கும். 12 எழுதி 4 முடிவது கணக்குப்படி சரியாகவே இருக்கிறது!

கறார்கணக்கு:
மேலே சொன்ன 255 கிடைத்ததும் அதை முழுக்க நிரப்பிவிடாதீர்கள். 180-ஐ நாட்காட்டியில் போடுங்கள், 75 காலியாக இருக்கட்டும். ஒரு கூட்டம் 20 நிமிடம் நீண்டால் அதைத் தாங்க இடம் வேண்டும்.

அறிக்கைக்குக் காலையில் 90 நிமிடம் ஒரே துண்டாக ஒதுக்குங்கள். ஆனால் நாட்காட்டியில் 'அறிக்கை' என்று எழுதினால் எங்கே தொடங்குவது என்று யோசிப்பதிலேயே கால்மணி போகும். 'பிரிவுவாரிச் செலவு அட்டவணையை நிரப்புதல்' என்று எழுதுங்கள். அந்த நேரம் தட்டிப்போனால் அழிக்காமல் வேறு மணிக்கு நகர்த்துங்கள். மூன்று தடவை நகர்ந்துவிட்டால் அந்த வேலை பெரிதாக இருக்கிறது, அல்லது யாருக்கும் தேவையில்லை. இரண்டில் எது என்று மேலாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்விகளுக்கு 9.30, 12.30, 4 மணி என மூன்று வேளை, தலா 40 நிமிடம். முக்கியமாக, மூன்று பிரிவுகளுக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: 'மின்னஞ்சலை இந்த மூன்று நேரத்தில் பார்ப்பேன், அதற்குள் தேவையென்றால் போன் செய்யுங்கள்.' அவசர வழி ஒன்றைத் திறந்து வைக்காவிட்டால் ஆள் நேரே இருக்கைக்கு வந்து நிற்பார்.

25 நிமிட முறை ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980-களின் பிற்பகுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ சமையலறை மணியை வைத்து உருவாக்கியது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலையைத் தொடங்க அது கை கொடுக்கும். எண்களைச் சரிபார்க்கும் வேலையில் மணியடித்தால் பிடித்த நூல் அறுந்துவிடும். அதற்கு 50 வேலை, 10 ஓய்வு.

வரிசைஎண்:
இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்த வாரமே கைவிட்டுப் போகும். பதிவு முடிந்தபின் ஒரே ஒரு பழக்கத்தை எடுங்கள். என் தேர்வு காலைத் திட்டம் அல்ல, மாலை 5.20. காலையில் திட்டமிட உட்கார்ந்தால் முதல் மின்னஞ்சலே அன்றைய திட்டத்தை எழுதிவிடும்.

'5.20 ஆனால் மின்னஞ்சலை மூடிவிட்டு நாளைய நாட்காட்டியைத் திறப்பேன்' என்று நேரத்தோடும் செயலோடும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இந்த வடிவத்தைப் பற்றி உளவியலாளர் கோல்விட்சர் நிறைய ஆராய்ந்திருக்கிறார். 'தினமும் திட்டமிடுவேன்' என்ற பொதுவான உறுதியைவிட இது நிற்கும். பத்து நிமிடத்தில் மூன்றே காரியம்: முடியாததை நாளை எந்த மணிக்கு என்று குறிப்பது, நாளைய முதல் வேலைக்கான கோப்பைத் திறந்தே வைப்பது, விட்ட இடத்தை ஒரு வரியில் எழுதுவது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் செய்த ஆய்வில் பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவுமில்லை.

கறார்கணக்கு நண்பருக்கு ஒரு மறுப்பு: இத்தனை நிமிடத்துக்குள் பதில் என்ற கெடு உள்ள வேலையில் மூன்று வேளை செல்லாது. அங்கே சக ஊழியரோடு முறை வைத்துக்கொள்ளலாம். காலையில் ஒருவர் கேள்விகளைப் பார்க்க, மற்றவர் அறிக்கையைப் பார்ப்பது, மதியம் மாற்றிக்கொள்வது.

மணல்கடிகாரம்:
நன்றி. இங்கே கெடு இல்லை, மூன்று வேளை ஒத்துவரும். நாலு கட்டத்தில் எல்லாமே அவசரத்தில் போய் விழுகிறதே? அப்புறம் 90 நிமிடத்துக்கு நடுவில் மேலாளரே கூப்பிட்டால்?

கறார்கணக்கு:
நாலு கட்டத்துக்கு இந்தக் கேள்வி: 'இன்று செய்யாவிட்டால் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன நிற்கும்?' மூன்றுக்கும் பதில் இல்லாதது அவசரத்தில் சேராது.

மேலாளருக்கு: 'அறிக்கை 11.40-க்கு முடியும். இதை இப்போது எடுத்தால் அது 3 மணிக்குப் போகும். எது முதலில்?' என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை, நேரத்தை மட்டும் சொன்னால் போதும். பாதிப் பேர் '11.40-க்கு அப்புறம் வாங்க' என்றுதான் சொல்வார்கள். போகத்தான் வேண்டும் என்றால், எழுவதற்கு முன் அட்டவணையில் எந்த வரிசையில் விட்டீர்கள் என்று தெரிய அந்தக் கட்டத்துக்கே நிறம் அடித்துவிட்டுப் போங்கள்.