ஏ.எம்.ராஜா காதல் பாடல்கள்: உங்கள் வீட்டு கேசட் எது?

எங்கள் வீட்டில் ஏ.எம்.ராஜா என்றால் ஒரே ஒரு கேசட்தான். 1986-ல் அப்பா பதிவு செய்து வாங்கி வந்தது. அறுபது நிமிடம் ஓடும் சிக்ஸ்டி கேசட், பக்கத்துக்கு ஒன்பது பாட்டு, பதினெட்டும் காதல் பாட்டு. கம்பெனி கேசட் இல்லை. ஒரு வாரம் யோசித்து யோசித்துச் சீட்டில் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, பத்து நாள் காத்திருந்து வாங்கியது. அட்டையின் முதுகில் கடைக்காரர் நீல மையில் 'ராஜா ஹிட்ஸ்' என்று எழுதியிருந்தார்.

ஏ சைடு 'மாசிலா உண்மைக் காதலே'யில் தொடங்கும். அடுத்து 'மயக்கும் மாலைப் பொழுதே'. அப்புறம் 'வாராயோ வெண்ணிலாவே'. அதுவரை எனக்கு முதல் இரண்டும் எம்.ஜி.ஆர். பாட்டு, மூன்றாவது ஜெமினி கணேசன் பாட்டு. பாடியவர் ஒருவரேதான் என்று பன்னிரண்டு வயதில் அந்த கேசட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படங்களெல்லாம் விலகிப்போய் ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. 'அருகில் வந்தாள்' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். அமைதியைப் பறித்துக்கொண்டு போனவளைப் பற்றிய பாட்டு. விம்முவதற்கு எத்தனையோ இடம் இருக்கிறது. ஓரிடத்தில்கூட அவர் விம்மவில்லை. வார்த்தையை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அழுகை நமக்குத்தான் வருகிறது.

அந்த கேசட்டில் ஒரு தவறும் உண்டு. பி சைடில் கடைசிப் பாட்டு 'காதலிலே தோல்வியுற்றான் காளையொருவன்' என்றுதான் இருக்க வேண்டும். 'கல்யாண பரிசு' படத்தில் அந்த மெட்டு இரண்டு முறை வரும்: ராஜா பாடுவது ஒன்று, 'தோல்வியுற்றாள் கன்னியொருத்தி' என்று சுசீலா பாடுவது இன்னொன்று. எங்கள் கேசட்டில் வந்தது சுசீலா. பதினேழு பாட்டு ராஜா குரலைக் கேட்டுவிட்டுக் கடைசியில் தனியாக ஒரு பெண் குரல் வந்ததும் நானும் தம்பியும் கத்தினோம். "கடையில தப்பாப் போட்டுட்டாங்க போல" என்றார் அப்பா. நான் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று தம்பி கிளம்பியபோது, வேண்டாம், போகட்டும் என்று விட்டுவிட்டார். முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பாட்டு வரும்போது நாங்கள் ஓட்டிவிடப் போவோம். அம்மா விடமாட்டார். போட்டது போட்டபடி ஓடட்டும் என்பார்.

ராஜாவை ராஜா என்று நீங்கள் அடையாளம் கண்டுகொண்டது எப்போது? எழுதுங்களேன்.

மறுமொழி 1

அக்கா, நான் மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாகப் பாடுகிறேன். மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளில் 'ராஜா பாட்டு' என்று எழுதி 'காலங்களில் அவள் வசந்தம்' கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடியது. தப்பு சொல்ல மாட்டேன். இருவருமே ஜெமினிக்குப் பாடியவர்கள், இருவருமே குரலை உயர்த்தாதவர்கள். ஸ்ரீநிவாஸின் குரல் கொஞ்சம் கீழே, கனமாக, போர்வை போர்த்தியது போல இருக்கும். ராஜா குரல் மெலிசு, அதில் ஒரு குளிர்ச்சி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தால் தொண்டைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ராஜா பாட்டு சுலபம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். உச்சஸ்தாயி இல்லை, குரலைச் சுழற்றிப் பாடும் வேகமான சங்கதி இல்லை. முதல் கச்சேரியில் 'தென்றல் உறங்கிய போதும்' எடுத்தேன். 'போதும்' என்ற இடத்தில் என் சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு சின்ன சங்கதி போட்டேன். கூடப் பாடிய அம்மா அடுத்த வரியை எடுக்க முடியாமல் அரை நொடி தடுமாறினார். இடைவேளையில் தபேலா வாசிக்கும் பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, 'போதும்' முடிஞ்ச இடத்துல விட்டுடு. மேல இழுக்காதே. அந்தச் சந்துல நான் ஒரு சின்ன டேக்கா வெச்சிருக்கேன், உன் இழுப்புல அது காணாமப் போகுது" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரிஜினலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சொன்ன இடத்தில் ராஜா நிஜமாகவே விட்டுவிடுகிறார். காதல் டூயட்டில் எதிரில் இருப்பவருக்கு இடம் விட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் அவர் பாட்டு என்றால் மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசும் அளவுக்குத்தான் குரலைத் திறக்கிறேன்.

மறுமொழி 2

நான் வேலூர்க்காரன். பக்கத்து வீட்டுத் தாத்தா தெலுங்கு பேசுபவர். 'வாராயோ வெண்ணிலாவே' ரேடியோவில் வந்தபோது அவர் 'ராவோயி சந்தமாமா' என்று கூடவே பாடினார். நான் பள்ளிக்கூடப் பையன், அவர் வார்த்தை தெரியாமல் உளறுகிறார் என்று நினைத்தேன். உட்காரவைத்து விளக்கினார். 1955-ல் 'மிஸ்ஸம்மா' தெலுங்கிலும் 'மிஸ்ஸியம்மா' தமிழிலும் எடுத்தார்கள். சாவித்திரி இரண்டிலும் உண்டு. அங்கே என்.டி.ராமராவ், இங்கே ஜெமினி. பாடியது மட்டும் இரண்டிலும் ராஜாவும் பி.லீலாவும். "ஹீரோவை மாத்தினாங்க, குரலை மாத்தலை பாரு" என்று அவர் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை. இவ்வளவுதான் என் அனுபவம். தாத்தா இல்லை இப்போது.

மறுமொழி 3

எனக்கு ஒரு மனக்குறை, இங்கே சொல்லிவிடுகிறேன். கடைகளில் நான் வாங்கிய ராஜா தொகுப்புகள் கேசட்டாகவும் சிடியாகவும் ஏழெட்டு இருக்கும். பெரும்பாலும் அதே பன்னிரண்டு பாட்டு. 'கல்யாண பரிசு'விலிருந்து இரண்டு, 'தேன் நிலவு'விலிருந்து நாலு, மீதிக்கு 'மிஸ்ஸியம்மா'. அட்டையில் ஜெமினி படம். ராஜாவின் முகமே இருக்காது. கூடப் பாடிய பெண்களின் பெயரையும் போட மாட்டார்கள்.

காதல் பாட்டில் பாதியை அந்தப் பெண்கள்தானே பாடினார்கள்? 'தனிமையிலே இனிமை காண முடியுமா' பாட்டிலிருந்து சுசீலாவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 'காலையும் நீயே மாலையும் நீயே' ஜானகி இல்லாமல் உண்டா? எல்லாருக்கும் மேலே ஜிக்கி. அவரும் ராஜாவும் சேர்ந்து பாடியவர்கள், கல்யாணமும் செய்துகொண்டவர்கள். 'மயக்கும் மாலைப் பொழுதே' பாடிய 1955-ஐயும், 'புகுந்த வீடு' படத்துக்காக 'செந்தாமரையே செந்தேன் இதழே' பாடிய 1972-ஐயும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நடுவில் பதினேழு வருடம். இரண்டு குரலிலும் வயது தெரிகிறது, நெருக்கம் குறையவே இல்லை. நான் தொகுப்புப் போட்டால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இதுவரை என் கைக்கு வந்த எந்தத் தொகுப்பிலும் அப்படி இல்லை.

இன்னொன்று. 'கல்யாண பரிசு', 'தேன் நிலவு', 'ஆடிப்பெருக்கு' மூன்றுக்கும் இசையமைத்ததே ராஜாதான். பாடகர் என்று மட்டும் அட்டையில் போட்டால் பாதி ஆளைத்தான் சொன்னதாகும். 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' மெட்டு சைக்கிள் மிதிக்கிற வேகத்திலேயே போகிறது பாருங்கள். பட்டுக்கோட்டையார் வரி, ராஜா மெட்டு, ராஜா குரல். அந்தப் பாட்டு இருக்கும் 'கல்யாண பரிசு' வந்த 1959-லேயே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் காலமாகிவிட்டார், இருபத்தொன்பது வயதில். அந்தப் பாட்டு எத்தனை சந்தோஷமாக இருந்தாலும் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும்.

மறுமொழி 4

நாகர்கோவில் ரயிலில் அடிக்கடி போகிறவன். வள்ளியூரில் வண்டி நிற்கும்போது ஹெட்போனைக் கழற்றிவிடுவேன். 1989 ஏப்ரலில் அந்த ஸ்டேஷனில் நடந்த விபத்தில்தான் ராஜா போனார். கச்சேரிக்குப் போகிற வழியில். அறுபது வயதுகூட ஆகவில்லை. வண்டி கிளம்பியதும் 'இதய வானின் உதய நிலவே' போட்டுக்கொள்வேன். வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

மறுமொழி 5

இந்தத் திரியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை, ஏனென்றால் நான் பாட்டுப் பதிவு செய்து கொடுத்தவன். 1981-லிருந்து கேசட் காலம் முடியும்வரை ரெக்கார்டிங் கடையில் வேலை. திரி தொடங்கிய சகோதரி திட்டும் கடை எங்கள் கடை இல்லை என்று நம்புகிறேன்.

ராஜா சீட்டு வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கொள்ளும். அதற்கு அளவெடுத்தது போலப் பாட்டு இருக்கும். அதனால் சிக்ஸ்டியில் பக்கத்துக்கு ஒன்பது கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோகிற தொல்லை இல்லை. மிஞ்சுகிற அரை நிமிடத்தை வெற்றாக விடுவேன். அதில் வேறு பாட்டின் துண்டைப் போட்டு நிரப்புகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது. முடிந்ததும் கேசட்டின் மேல்முனையில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துக் கொடுப்பேன், வீட்டில் யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிடக் கூடாது என்று. தட்டில் கீறல் இருந்தால் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவோம்.

சகோதரி, ஒரு விஷயம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் போடுவோம். 'கல்யாண பரிசு' தட்டில் அந்த இரண்டு பாட்டும் தனித்தனியாக இருக்கும், பெயரைப் பார்த்துத்தான் ஊசியை வைப்போம். பின்னால் தகராறு வரக் கூடாது என்று சீட்டை மடித்து அட்டைக்குப் பின்னாலேயே செருகிக் கொடுப்பது பல கடைகளில் வழக்கம். உங்கள் கேசட் பெட்டியில் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

திரி தொடங்கியவர்

ஐயா, பார்த்ததில்லை. உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பரணில் ஏறினேன். அட்டை பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் மெதுவாக நெம்பியதும் பின்னாலிருந்து நாலாக மடித்த கோடு போட்ட தாள் விழுந்தது. அப்பா கையெழுத்து. சரிந்து சரிந்து போகும் எழுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் படத்தின் பெயர். பதினேழு பாட்டுக்கு அவ்வளவுதான். பதினெட்டாவதில் மட்டும் 'காதலிலே தோல்வியுற்றாள்' என்று எழுதி, 'ள்'-ஐ அடிக்கோடிட்டு, பக்கத்தில் 'சுசீலா பாடியது, மறக்க வேண்டாம்' என்று இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பதினெட்டையும் படித்தார். "உங்கப்பா இதைச் சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் தராமல் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரரே, எங்கிருந்தாலும் எங்களை மன்னித்துவிடுங்கள்.