மறு: நீரடி உலோகங்காணியின் "ஷாஃப்ட்": தண்டா, கோலா?

> பாடநூலில் உள்ள 'சுழல்தண்டு' போதாதா?

வணக்கம். நீரடி உலோகங்காணியின் (metal detector) தமிழ்க் கையேட்டுக்காக, தேடுசுருளைக் கைப்பிடியோடு இணைக்கும் குழாயான 'ஷாஃப்ட்'டுக்குச் சொல் தேடுகிறோம். சுழல்தண்டு மோட்டாருக்கும் பம்புக்கும் பொருந்தும். அங்கே அது முறுக்குவிசையைக் கடத்துகிறது. உலோகங்காணியில் அந்தக் குழாய் சுழன்றாலே பழுதுதான். இடுப்பளவு நீரில் 10 அங்குலத் தேடுசுருளை (உலோகத்தை உணரும் வட்டத் தட்டு) வீசும்போது நீர் அதைத் திருகப் பார்க்கும். குழாய்த் துண்டுகளை இறுக்கும் பூட்டு தளர்ந்திருந்தால் சுருளின் ஒரு விளிம்பு மணலை விட்டு எழும்பி, ஆழத்தில் கிடப்பது தப்பிவிடும். தாங்கிப் பிடிப்பதுதான் இதன் வேலை என்பதால் 'தாங்குகோல்' என் பரிந்துரை.

---

> தாங்குகோல்

ஐயா, இது இரண்டு மூன்று துண்டாக வரும் பொருள். மேல்துண்டை 'மேற்கோல்' என்றால் வாசகர் யார் சொன்னது என்று தேடுவார்! தாங்குதண்டு என்றால் மேல்தண்டு, கீழ்த்தண்டு என்று சிக்கலின்றிப் பிரியும்.

கையேட்டில் 'கார்பன் தண்டு வாங்குக' என்று மொட்டையாக விடக் கூடாது. கார்பன் இழை மின்கடத்தி என்பதால் சுருள் அதையும் உணரக்கூடும். சுருளை ஒட்டிய முனையாவது நைலானாகவோ கண்ணாடியிழையாகவோ இருக்கட்டும். உப்புநீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூள் கட்டி, இரு துண்டும் கழற்ற வராமல் இறுகிவிடும். கடலில் இறங்கிய நாளெல்லாம் பிரித்து நன்னீரில் அலசுவதே வழி.

குழாயின் இரு முனையிலும் துளை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் நீர் நுழைய, மற்றதில் காற்று வெளியேற வேண்டும். அடைபட்ட குழாய் மிதந்து சுருளைத் தூக்கும்.

---

தாங்குதண்டுக்கே என் வாக்கும். சுருளின் மேல் நீட்டியிருக்கும் இரு காதுகளுக்கு (துளையுள்ள பிடிகள்) இடையே நுழையும் முனைக்குக் 'கவைமுனை' சரியாகுமா? கவட்டை தெரிந்தவர்க்கு அது காதுள்ள பக்கத்தையே காட்டும். 'செருகுமுனை' என்கிறேன். மாற்றுத்தண்டு பொருந்தாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்: காதுகளின் இடைவெளி, திருகாணியின் விட்டம் இரண்டையும் அளந்த பிறகே வாங்க வேண்டும். திருகாணி நைலான், இருபுறமும் ரப்பர் வளையம். சுருள் ஆடுகிறதே என்று மேலும் முறுக்கினால் காது விண்டுவிடும். ரப்பரை மாற்றினாலே ஆட்டம் நிற்கும்.

மைன்லேப் எக்ஸ்காலிபர் 2 என்ற நீரடி உலோகங்காணி வைத்திருப்போருக்குத் தனிக் குறிப்பு தேவை. அதன் வடம் சுருளிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிவரை நிரந்தர இணைப்பு. வெட்டாமல் குழாய்க்குள் கோக்க முடியாது. வெளியே சுற்றிக் கட்டி, சுருள் சாய்வதற்கு மட்டும் சிறு தளர்வு விடவேண்டும். அதற்குமேல் தொங்கினால் வடம் அலைந்து பொய்யொலி எழுப்பும்.

நீளம் கூட்டிக் குறைக்கும் இடத்துக்கு 'நெம்புப்பூட்டு' என்று போட்டிருக்கிறேன். மணல் புகுந்தால் பிடி விடுவது அதுதான். வேறு சொல் உண்டா?