றப்பர் விறகு காயுதில்லை, தெரிஞ்சவை சொல்லுங்கோ

வணக்கம். கொழும்பு கிராண்ட்பாஸில சின்னதா ஒரு விறகுகாலை வச்சிருக்கிறன். அவிசாவளைப் பக்கமிருந்து றப்பர் விறகும் கொஞ்சம் கிளிரிசீடியா (சீமைக்கிளுவை) விறகும் வருது. வாங்கிறது கூடுதலா பேக்கரிக்காரர்தான்.

போன கிழமை ஒரு முதலாளி அரை லொறியைத் திருப்பி அனுப்பிட்டார். ஒரு கட்டையைப் போறணைக்குள்ள வச்சுக் காட்டினார்: நுனியால நுரை தள்ளுது, கண் எரியிற புகை. அவரில பிழையில்லை. ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வரோணும் எண்டு தெரியும். தகரக் கூரை, நிலத்தில படாமல் அடுக்கு, எல்லாம் செய்தாச்சு. ஒக்டோபர் மழை விட்டால்தானே! றப்பரில நீலக்கறையும் பூஞ்சணமும் வேற.

பிளந்து அடுக்கினா எத்தினை மாசத்தில காயும்? பக்கத்தைத் திறந்து விடுறதோ, தறப்பாள் கட்டுறதோ? ஈரம் பார்க்கிற மீற்றர் புறக்கோட்டையில எடுக்கலாமோ? காய்ஞ்ச கிளிரிசீடியா குடுக்கிறவை இன்பொக்ஸில விலை சொல்லுங்கோ.