எக்ஸாஸ்ட் எல்போ (எஞ்சின் புகை வெளியேறும் வளைகுழாய்) கழல மாட்டேன் என்கிறது, 11 நாட்களாக நங்கூரத்தில் நிற்கிறோம்

34 அடி பாய்மரப் படகு. 20 குதிரைத்திறன், 2 சிலிண்டர் டீசல் எஞ்சின், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சினைச் சுற்றும் நன்னீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் பாகம்) உள்ள வகை. ஐடிலில் ஓடினால் தொந்தரவு இல்லை. 2000 ஆர்.பி.எம். தாண்டினால் பத்தே நிமிடத்தில் சூடு ஏறி அலாரம் அடிக்கிறது. பின்னால் வெளியேறும் தண்ணீர் வழக்கத்தில் பாதிதான், அதுவும் ஆவியோடு.

முதலில் கடல்நீர் வடிகட்டியைக் கழுவினேன். முங்கிப் போய் நீர் வரும் துளையில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினேன். இம்பெல்லர் (கடல்நீர் பம்பின் சுழல் இறக்கை) புதிது. தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத் திறக்கிறது. அப்புறம் புகையோடு கலக்கும் கடல்நீரை எல்போவுக்குக் கொண்டுபோகும் ஹோஸைக் கழற்றி, சில விநாடிகள் எஞ்சினை ஓட்டி வாளியில் பிடித்தேன்: தண்ணீர் கொட்டுகிறது. திரும்ப மாட்டினால் பின்னால் பழையபடி பாதிதான் வருகிறது. எனவே உப்பும் கரியும் எல்போவுக்குள்தான் அடைத்திருக்கின்றன.

எல்போவைப் பிடித்திருக்கும் நான்கு நட்டில் இரண்டு வந்துவிட்டன. மற்ற இரண்டும் துருவேறி இறுகிவிட்டன. மூன்று நாளாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தாயிற்று. நேற்று நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (நட்டு ஏறியிருக்கும் திருகுத் தண்டு) முறுக்குவதுபோல் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். கையடக்க கேஸ் டார்ச் இருக்கிறது, ஆனால் டீசல் ஹோஸ் ஒரு சாண் தூரத்தில்.

காற்று திசை மாறினால் கரை எங்களுக்குப் பின்னால் வந்துவிடும். நங்கூரம் இழுபட்டால் எஞ்சின் இல்லாமல் தப்புவது கடினம். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கிறோம்.

வெல்டிங் வசதி இல்லாமல், படகிலேயே, ஸ்டட் முறியாமல் இப்படிப்பட்ட நட்டைக் கழற்றியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?