ஒழுக்காற்றுக் குழுவில் அமரச் சம்மதிக்கலாமா?

கேள்வி:
யாழ்ப்பாணத்தில் தொழில் புரியும் சட்டத்தரணி நான். சக சட்டத்தரணிகள் மீதான முறைப்பாடுகளை ஆராயும் ஒழுக்காற்றுக் குழுவில் அங்கம் வகிக்க இயலுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் நாள்தோறும் சந்திப்பவரின் பிழைப்பையே பறிக்கும் பொறுப்பு என் மீது விழுமோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அந்த அதிகாரம் தங்களுடையதன்று. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ஏமாற்று, முறைகேடு, குற்றம் ஆகியவற்றைப் புரிந்த சட்டத்தரணியை இடைநிறுத்தவோ நீக்கவோ வல்லது உயர் நீதிமன்றமே; அதற்கும் நீதியரசர்கள் மூவர் சேர்ந்து அமர வேண்டும், குற்றச்சாட்டின் பிரதியை முன்கூட்டியே அனுப்பி அவரது விளக்கத்தையும் கேட்க வேண்டும். குழு உண்மைகளை ஆராய்ந்து அறிக்கையிடும்.

மறுமொழி 2:
அறிக்கைதானே என்று இலகுவாக எண்ணிவிடவும் கூடாது. காணி வாங்கக் கொடுத்த பணம் கணக்கில் வரவில்லை என்று கட்சிக்காரர் சத்தியக்கடதாசி முடித்திருந்தால், பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, காணி உறுதி எழுதப்பட்ட திகதி ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இடையில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக விசாரணையைக் கைவிடக் கூடாது என்பதே என் கருத்து.

மறுமொழி 3:
முறைப்பாட்டுக்கு உள்ளானவர் உங்கள் உறவினர், உங்களிடம் பணிபுரிந்த முன்னாள் கனிஷ்டர், எதிர்த்தரப்பில் தோன்றியவர் என எவராயினும், கோப்பைத் திறக்குமுன் எழுத்தில் அறிவித்து விலகிக்கொள்ளுங்கள். நம்மூரில் உறவு தேடினால் எல்லோரும் சொந்தம்தான். ஆகவே நெருக்கத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.