இலா பட் அம்மையாரை வங்கியாளராக நினைவுகூர்வது பொருந்துமா?

கூட்டுறவு மாணவி:
2022 நவம்பர் 2 அன்று மறைந்த இலா பட் அம்மையாரைப் பற்றி எங்கள் கூட்டுறவு வங்கியின் மகளிர் மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அவரைத் தொழிற்சங்கத் தலைவராகவும் காந்தியவாதியாகவும் விரிவாகக் காட்டிவிட்டு, 1974இல் அகமதாபாத்தில் ஏழைப் பெண்களின் கூட்டுறவு வங்கியாக உருவான சேவா வங்கியை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சட்டம் படித்துப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் பணிக்குச் சேர்ந்த ஒருவரை வங்கித்துறை முன்னோடி என்று எழுதுவது மிகையாகுமா? துறையில் இருந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பழைய பேரேடு:
மிகையாகாது, அம்மா. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பிறகு ஏழைகளுக்கும் கடன் தர வேண்டும் என்ற கொள்கை வந்தது. சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்காக 1972இல் இலா பட் தொடங்கிய சேவா சங்கமும் முதலில் தன் உறுப்பினர்களை அந்த வங்கிகளுக்கே அழைத்துச் சென்றது. ஆனால் வேலை செய்த உடையோடு வந்து நின்ற பெண்களிடம் கிளைகளில் மரியாதை இல்லை. வியாபாரம் நடக்கும் நேரமும் வங்கி நேரமும் ஒன்றாக இருந்ததால் அவர்களுக்கு அரைநாள் வருமானம் போயிற்று. கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

பின்னர் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டுச் சொந்த வங்கி கேட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவது எப்படி என்று கூட்டுறவுப் பதிவாளர் தரப்பில் தடை எழுந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டிய 15 பெண்களையும் இலா பட் இரவெல்லாம் உட்காரவைத்துப் பெயர் எழுதப் பழக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிது அதன்பின் அவர்கள் அமைத்த நடைமுறைதான்: கையெழுத்தை மட்டும் நம்பாமல் புகைப்படத்தால் வாடிக்கையாளரை அடையாளம் கண்டார்கள், ஊழியர்களே வீட்டுக்கும் சந்தைக்கும் போய்ச் சேமிப்பை வாங்கிவந்தார்கள். காலையில் கடன் வாங்கி மாலையில் வட்டியோடு திருப்பும் கந்துவட்டிச் சுழலில் இருந்த பெண்ணுக்கு, கணவரோ மகனோ தொட முடியாத ஒரு கணக்கு கடனைவிட முதன்மையானது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நடுவண் தெரு:
மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கட்டுரை ஒற்றை நாயகியின் கதையாகிவிடக் கூடாது. நமக்கென்று ஒரு வங்கி ஏன் இருக்கக் கூடாது என்று கூட்டத்தில் முதலில் கேட்டவர் பழந்துணி வியாபாரம் செய்த சந்தாபென். அதற்கு நம்மிடம் பணம் இல்லையே என்று இலா பட் தயங்கியபோது, ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்ற பொருளில் அந்தப் பெண்கள் பதில் சொன்னார்கள். இலா பட்டே இதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். வங்கியின் பங்குதாரர்களும் அந்த உறுப்பினர்கள்தாம் என்பதால், இதை ஏழைகளுக்குச் செய்த தொண்டு என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

கூட்டுறவு மாணவி:
இருவருக்கும் நன்றி. சந்தாபென் பெயரை நான் எங்கும் பார்த்திருக்கவில்லை. 1977இல் பெற்ற மகசேசே விருது, 1986இல் பெற்ற பத்மபூஷண் முதலியவற்றுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

பழைய பேரேடு:
ஒரு வரி போதும். மிச்ச இடத்தில், ஏழைப் பெண்களுக்கு நிதிச்சேவை கிடைக்க உழைக்கும் Women's World Banking என்ற பன்னாட்டு அமைப்பை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும், 1978இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கான கூட்டுறவுக் கடனை இங்கே வளர்த்த ஜெயா அருணாசலம் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலரைப் படிப்பவர்களுக்கு அகமதாபாத்தைவிட அந்தப் பெயர் நெருக்கமாக இருக்கும்.